நோயாளியின் கைக்கு வந்த குழாய்

யுத்த சரித்திரம் எழுதுவோர் மாண்டவர்களை எண்ணுவர். ஊர்கள் கைமாறிய நாட்களைக் குறிப்பர். கிளிநொச்சி 1996இலும் 1998இலும் கைமாறியது, 2009 ஜனவரி 2ஆம் நாள் மறுபடியும் கைமாறியது என்று அவர்களுடைய ஏடுகள் கூறும். எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டைத் துளைத்தமையால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, வன்னிக் கிராமங்களில் சக்கர நாற்காலியில் வாழ்வோரின் சரித்திரம் எந்த ஏட்டில் இருக்கிறது? அச்சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதி, நாகரிகம் கருதி நாம் வாய்திறவாத ஓர் உறுப்பைப் பற்றியது. அதுதான் சலப்பை.

முள்ளந்தண்டு நரம்பு சிதைந்தால், சலப்பை நிறைந்த செய்தி மூளைக்கு எட்டாது. மூளையின் கட்டளை சலப்பைக்கு வாராது. சலம் தேங்கும், கிருமி பெருகும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுத்தெலும்பு பிசகி, கைகால் உணர்விழந்து, தன்னையறியாமல் சலம் ஒழுகும் நோயாளியை வைத்தியம் செய்யத்தகாதவன் என்று பண்டை எகிப்திய ஏடு ஒன்று கைவிட்டது. முதலாம் உலக யுத்தத்திலும் நிலைமை அதிகம் மாறவில்லை. முதுகில் குண்டுபட்டோரில் மிகப் பலரைப் பின்னர் கொன்றவை சலத்தில் புகுந்த கிருமியும் படுக்கைப்புண்ணுமே.

நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த யூத வைத்தியர் லூட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். குழாயை உள்ளேயே விட்டுவைக்காமல் வேளைக்கு வேளை செலுத்தி எடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் அதற்குக் கிருமிநீக்கிய கருவியும் தேர்ந்த வைத்தியரின் கையும் வேண்டியிருந்தன. வீடு திரும்பியவன் அவற்றுக்கு எங்கே போவான்?

இந்தப் பூட்டைத் திறந்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜாக் லாபிடஸ். கிருமி வெளியிலிருந்து நுழைவதைவிட, சலப்பை அளவுமீறி விரிந்து அதன் சுவருக்கு இரத்தவோட்டம் குன்றுவதே தொற்றுக்கு முதற்காரணம் என்றார். ஆகவே சவர்க்காரமிட்டுக் கைகழுவி, சுத்தமான குழாயை நோயாளி தானே செலுத்திக்கொள்ளலாம். தவறாமல் வெறுமையாக்குவதே முக்கியம். 1972இல் இதை அவர் வெளியிட்டபோது சக வைத்தியர்கள் பலர் நம்ப மறுத்தனர். வைத்தியரின் தனியுரிமையாயிருந்த ஒரு செயல் நோயாளியின் கைக்குப் போவதை எந்தத் தொழிலும் எளிதில் ஏற்காது போலும்.

எளிய முறைதான். நாளொன்றுக்கு நாலைந்து தடவை. ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள். ஆனால் அந்த எளிமைக்குப் பின்னால் எத்தனை நிபந்தனைகள்! 2009 பெப்ரவரி முதல் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலேறித் திருகோணமலைக்குப் போன காயக்காரரையும், செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் காத்துநின்ற மக்களையும் எண்ணிப்பாருங்கள். கைகழுவ நீர் இல்லாத இடத்தில், நாலு பேர் பார்க்கும் கூடாரத்தில், ஒரு பெண் எப்படிக் குழாய் செலுத்துவாள்? மறைவில்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டால், அதுவே கிருமிக்கு வாய்ப்பாகிறது. முகாம் 2012இல் மூடப்பட்டது. வீட்டுக் கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையேயுள்ள மணற்பாதையில் சக்கரம் புதையும் சங்கடம் அதனுடன் முடிந்துவிடவில்லை.

வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் 'உயிரிழை' என்ற பெயரில் தமக்கென ஓர் அமைப்பைக் கட்டியிருக்கின்றனர். இரக்கம் கேட்பதற்கென்று அதை நாம் கருதினால் தவறு. குழாயும் சவர்க்காரமும், நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கதவும் கேட்பதில் இரக்கத்துக்கு என்ன வேலை? முதுகெலும்பு மூடாமற் பிறந்த பிள்ளைக்கும் வைத்தியர்கள் இதே முறையையே கற்பிக்கின்றனர். அப்பிள்ளை பாடசாலைக்கு வரும்போது, இடைவேளையில் போய்த் தாழிட்டுக்கொள்ள நம் பாடசாலைகள் எத்தனையில் ஓர் அறை இருக்கிறது?