நீருள் மறைந்த ஊரும் கருகிய விதைகளும்

எழுத்துத் தோன்றாத காலத்து மக்கள் யாது உண்டனர், எப்பொழுது உழவு தொடங்கினர் என்பனவற்றை அறிதற்குக் கருகிய விதைகள் பெருந்துணையாவன. கரியாகிய தானியம் எளிதில் மட்கிப்போவதில்லை. அகழ்ந்தெடுத்த மண்ணை நீரிலிட்டுக் கலக்கினால் அது மிதக்கும். மிதப்பவற்றை நுண்ணிய சல்லடையில் வடித்து உலர்த்தி, உருப்பெருக்கியின்கீழ் இனங்கண்டு எண்ணுவர். இவ்வாறு பெறும் எண்ணிக்கைப் பட்டியலே இத்துறையின் மூலச்சான்றாகும். அப்பட்டியல் கண்டவர் கையிலேயே முடங்கிக் கிடத்தல் தகுமோ? இவ்வினாவிற்குச் சிரியா நாட்டு அபு ஹுரேய்ரா தக்க விடை பகர்கின்றது.

யூபிரட்டீசு ஆற்றங்கரையிலிருந்த இத்தொல்லூர் மேட்டை, தப்கா அணையின் நீர் மூடுமுன், 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் அன்ட்ரூ மூர் என்பார் அகழ்ந்தார். பின்னர் அம்மேடு அசாத் நீர்த்தேக்கத்துள் மறைந்தது. எடுத்துவந்த பொருள்களும் எழுதிவைத்த குறிப்புகளுமே எஞ்சின.

அவ்விதைகளை ஆராய்ந்தவர் கோடன் ஹில்மன். ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் காலநிலை குளிர்ந்து வறண்டு, காட்டுணவு குறைந்தபோது, அங்கு வாழ்ந்தோர் கோதுமைக்கு இனமான 'றை' என்னும் தானியத்தைப் பயிரிட்டனர் என அவர் துணிந்தார். பருத்த றை மணிகள் சிலவும், வயற்களைகள் எனத்தக்க செடிகளின் விதைகள் பெருகியமையும் அவர் காட்டிய சான்றுகளாம். இது மெய்யாயின், உலகின் மிகப் பழைய உழவர்களுள் இவர்களும் வைத்து எண்ணப்படுவர்.

ஆயின், 2010 ஆம் ஆண்டில் சூசன் கொலெஜ், ஜேம்ஸ் கொனொலி ஆகிய இருவரும் அவ்விதைக் கணக்கையே மீண்டும் ஆராய்ந்து வேறு கருத்துரைத்தனர். நல்லுணவு அருகியபோது மக்கள் காட்டுச் செடிகளின் சிறு விதைகளையும் திரட்டி உண்டிருத்தல் கூடும். ஆதலின், அவை பெருகியமை உழவிற்கு உறுதியான சான்றாகாது என்பது அவர்தம் வாதம்.

எம்முடிபு சரியென்பது ஒருபுறமிருக்க, இவ்வாதம் எழுந்தவாற்றை நாம் நோக்குதல் வேண்டும். ஹில்மன் தம் முடிபை மாத்திரம் கூறிச் சென்றிருப்பின், பிறர் அதனை நம்புதலோ மறுத்தலோ அன்றிச் சோதித்தல் இயலாது. மீண்டும் அகழ்தற்கு ஊரும் இல்லை.

ஆண்டுக்கணக்காய் எண்ணித் தொகுத்ததைப் பிறர் எளிதிற் கொள்வரோ என ஆய்வாளர் அஞ்சுதல் இயல்பே. எண்ணியவர் பெயரை எடுத்தாள்வோர் தவறாது சுட்டுதலே அதற்கு மருந்து. எந்த மண்படையில், எவ்வளவு மண்ணில், எவ்விதை எத்தனை என்னும் கணக்கு முழுவதும் வெளிவருதலும் வேண்டும். இத்தகைய கணக்குகளைப் பேணுதற்கென்றே இங்கிலாந்தின் யோர்க் நகரில் 1996 இல் தொல்லியல் தரவுக் காப்பகம் ஒன்று நிறுவப்பட்டது.

அகழ்தல் என்பது அழித்தலுமாம். ஒருமுறை தோண்டிய மண்படை மீண்டும் வாராது. ஆகவே, அதிலிருந்து பெற்ற சான்றினைப் பின்வருவோர்க்கும் உரியதாக்குதல் ஆய்வாளரின் தலையாய கடனாகும்.