நேற்றைய வீடுகள்

பெயரிலேயே மணம் கமழும் ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர் ஒன்றுக்குச் சென்ற ஆண்டு ஒரு பாகப்பிரிவினைக்காக நம்மை அழைத்திருந்தனர். பிரிக்க வேண்டிய சொத்து ஒரு வீடு. அதன் முகப்பில் 1958 என்று சிமெண்டினால் எழுத்து வார்த்திருந்தார்கள். கட்டியவர் ஒரு தோல் வணிகர். அவருக்குப்பின் அது அவருடைய ஒரே மகனுக்கு வந்தது. அம்மகனும் மறைந்துவிட, மனைவி, ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் இருவர் என வாரிசுகள் அறுவர் ஆயினர்.

கணக்கில் சிக்கல் ஏதுமில்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. ஆக மொத்தம் 64 பங்குகள்: தாய்க்கு 8, ஆண் மக்களுக்குத் தலைக்கு 14, பெண் மக்களுக்குத் தலைக்கு 7. தாளில் ஐந்து நிமிடத்தில் முடிந்த கணக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. ஒரு வீட்டை 64 துண்டாக எவ்வாறு வெட்டுவது?

"இடித்துவிட்டு வெறும் மனையாக விற்றால் எளிது, ஹஜ்ரத். வீட்டுக்கு இன்று ஒரு விலையும் இல்லை" என்றார் மூத்தவர். அப்போது திரைக்கு அப்பாலிருந்து இளைய மகளின் குரல் கேட்டது: "அத்தா உயிர்விட்ட வீடு, ஹஜ்ரத். மனையின் விலையைக் கொடுத்து மற்ற 57 பங்கையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். இடிக்க மட்டும் வேண்டாம்."

அவருடைய கணவர் நம்மிடம் ஓதிய மாணவர். சிறு மருந்துக்கடை வைத்திருப்பவர். வெளியே வந்ததும் நம் கையைப் பற்றிக்கொண்டு, "இது என்ன நவாபு கட்டிய மாளிகையா, ஹஜ்ரத்? நேற்றுக் கட்டிய சிமெண்டு வீடு. இதற்குப் பணம் போடுவது அறிவுடைமையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அன்று நாம் விடை கூறவில்லை. படித்தும் பார்த்தும் அறிந்தவற்றைக் கோத்து, இப்போது எல்லாக் குடும்பங்களுக்குமாகக் கூறுகிறோம்.

முதலில் அந்த வீட்டைப் பற்றி. தட்டையான கான்கிரீட் கூரை. வளைந்த முகப்பு மாடம். சன்னல்களின் மேல் நீண்ட சிமெண்டு நிழற்பலகை. காற்று புகச் சதுரம் சதுரமாகத் துளையிட்ட சிமெண்டுச் சல்லடைச் சுவர். உள்ளே மொசைக் தரை. நடுவில் ஒரு சிறு முற்றம். 1940களுக்கும் 1960களுக்கும் இடையே உலகெங்கும் பரவிய கட்டட முறை இது. நேர்கோடு, குறைந்த அலங்காரம், நிறைந்த காற்றும் வெளிச்சமும் என்பனவே அதன் இலக்கணம். நம் ஊர்ப் பெரியவர்கள் அதை 'மாடர்ன் வீடு' என்றே அழைத்தனர். அக்காலத்தில் சிமெண்டு அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பொருள். அதன் விலைக்கும் விநியோகத்துக்கும் இருந்த கட்டு 1982இல் ஓரளவு தளர்ந்து, 1989இல்தான் முற்றிலும் நீங்கிற்று. ஆகவே 1958இல் ஒரு கான்கிரீட் வீடு எழுந்ததென்றால், ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் ஒரு மனுவும் ஒரு காத்திருப்பும் இருந்தன என்று கொள்ளலாம்.

இத்தகைய வீடுகளுக்கு நேர்ந்த இடர் அவற்றின் வயதே. பழமை என்று போற்ற வயது போதவில்லை. புதுமை என்று விரும்பவோ வயது கடந்துவிட்டது. இந்திய நாட்டில் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டு நிலைத்த கட்டடத்தையே தொன்மையானது எனக் கருதுகிறது. தில்லி பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் எழுப்பிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' மண்டபம் உலகறிந்த கட்டடம். அறுபது ஆண்டு நிறையாத கட்டடத்தை மரபுச் சின்னமாகக் கருத இயலாது என்று அதற்குரிய குழு கைவிரித்தது. 2017 ஏப்ரலில் அதை இடித்துத் தள்ளினர். அப்போது அதன் வயது 45.

இனி, கடலுக்கு அப்பால் இலங்கைக்குச் செல்வோம்.

ஜெஃப்ரி பாவா என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர் பெயர்போல் இருக்கிறதே என்று அன்பர்கள் வியக்கக்கூடும். அவருடைய பாட்டனார் இலங்கை முஸ்லிம் வழக்கறிஞர். பாட்டி ஆங்கிலப் பெண்மணி. தந்தை பெஞ்சமின் பாவாவும் பேர்பெற்ற வழக்கறிஞர். 1919இல் பிறந்த ஜெஃப்ரியும் கேம்பிரிட்ஜில் பயின்று சட்டத் தொழிலுக்கே வந்தார். அதில் மனம் ஒட்டவில்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டில், பெந்தோட்டைக்கு அருகில் ஏரிக்கரையில் பராமரிப்பின்றிக் கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தையும் அதிலிருந்த பழைய வீட்டையும் விலைக்கு வாங்கினார். அதற்கு லுனுகங்கை என்று பெயர். வாங்கியபின்தான், நினைத்தபடி அதைத் திருத்தியமைக்கத் தமக்குத் தொழிலறிவு போதாதென்று உணர்ந்தார். வழக்கறிஞர் உடையைக் களைந்துவிட்டு இலண்டன் சென்று மீண்டும் மாணவராக அமர்ந்து, 1957இல், தம் 38ஆம் வயதில் கட்டடக் கலைஞர் ஆனார். ஒரு பாழடைந்த தோட்டத்தை வாங்கிய செயல் ஒரு மனிதரின் தொழிலையே மாற்றிற்று. பின்னர் இலங்கையின் நாடாளுமன்றத்தையே வடிவமைத்தவரும் அவரே. 2001இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் பரிசு அவரைத் தேடி வந்தது.

இங்கே கருத வேண்டியது காலத்தின் நீளம். 1948இல் தொடங்கிய லுனுகங்கைத் திருப்பணி 2003இல் அவர் மறையும்வரை முடிவு பெறவில்லை. கொழும்பில் அவர் வாழ்ந்த வீடும் அவ்வாறே. ஒரு சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை 1950களின் இறுதியில் பெற்று, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சுவர்களைத் திறந்து முற்றங்களால் இணைத்து ஒரே இல்லமாக்கினார். கையில் உள்ள பொருளுக்கு ஏற்ப, இயன்றபோது இயன்றதைச் செய்தார்.

அவர் பிறருக்குக் கட்டிய வீடுகளில் நம் பொருளுக்கு நெருங்கியது எனா டி சில்வாவின் வீடு. எனா பத்திக் துணிக் கலையில் புகழ்பெற்றவர். அவர் கணவர் ஒஸ்மண்ட் இலங்கைக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். கொழும்பு ஆல்ஃபிரட் பிளேஸில் ஒரு சிறிய மனையில் 1960 முதல் 1962 வரை அவ்வீடு எழுந்தது. மனையின் நடுவில் பங்களாவை நிறுத்திச் சுற்றிலும் தோட்டம் விடுவதே அக்கால வழக்கம். பாவா அதை மாற்றினார். எல்லை நெடுகச் சுவர் எழுப்பி, நடுவில் பெரிய முற்றம் விட்டு, அதைச் சுற்றி அறைகளையும் தாழ்வாரங்களையும் அமைத்தார்.

அரபு மொழியில் வீட்டுக்குப் பல சொற்கள் உண்டு. 'பைத்' என்பது இரவு தங்குதல் என்னும் வேரில் பிறந்தது. 'மஸ்கன்' என்பது அமைதி கொள்ளுதல் என்னும் வேரில் பிறந்தது. 'தார்' என்னும் சொல்லோ சுற்றி வருதலைக் குறிக்கும் வேரில் பிறந்தது. வெட்டவெளியைச் சுற்றி வளைத்துக் கட்டிய இல்லம் அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் முற்றம் வைத்துக் கட்டிய வீடுகளை இச்சொல் நினைவூட்டுகிறது. எனாவின் வீடும் அவ்வகையில் ஒரு 'தார்' ஆகும். தெருவுக்கு முகம் மறைத்து, வானத்துக்கு முகம் திறந்த வீடு.

ஆண்டுகள் கடந்தன. எனா மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரைக்குச் சென்று வாழலானார். கொழும்பில் மனை விலை ஏறியது. 2009இல் அவ்வீடு விற்பனைக்கு வந்தபோது, அருகிலிருந்த மருத்துவமனைக்கு வேண்டியிருந்தது மனை மட்டுமே. நாம் மலையடிவாரத்தில் கேட்ட அதே சொல்!

ஆனால் அங்கே வேறொன்று நிகழ்ந்தது. பாவாவின் நினைவைப் பேணும் அறக்கட்டளையினர் வீட்டை அளந்து வரைந்தனர். தூண், கதவு, கல், ஓடு எனப் பெயர்த்தெடுக்கக் கூடியவற்றுக்கெல்லாம் எண் இட்டுக் கழற்றினர். கட்டடக் கலைஞர் அமிலா டி மெல்லின் பொறுப்பில் அவை லுனுகங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அதே அளவில், அதே முற்றத்தைச் சுற்றி மீண்டும் எழுப்பப்பட்டன. பணி 2016இல் நிறைவுற்றது. இரண்டே ஆண்டில் கட்டிய வீட்டை மீட்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்! எனா 2015இல் தம் 93ஆம் வயதில் காலமானார்.

இடம்பெயர்ந்த வீடு அதே வீடுதானா என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. தெரு மாறிற்று, அண்டை மாறிற்று. ஆயினும் முற்றத்தைச் சுற்றிய அந்த வட்டம் மாறவில்லை. எல்லாராலும் இயலும் செயல் என்று இதை நாம் கூறவில்லை. விற்பதற்கு முன் ஒருவர் அளவெடுத்து வரைந்து வைத்ததுதான் மற்ற அனைத்துக்கும் வழி திறந்தது என்பதையே சுட்டுகிறோம்.

கைவிடப்படாத வீட்டுக்கும் ஒரு சான்று வேண்டுமல்லவா? அதற்குத் தொலைவு செல்ல வேண்டா. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதி 1937இல் தொடங்கி 1940களின் முற்பாதியில் உருப்பெற்றது. செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வரைய, ஜார்ஜ் நகஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாம்மரும் உடனிருந்து கட்டினர். அப்பெயரில் நமக்கு ஓர் உறவும் உண்டு. ஐதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி, நிஜாம் அரசிடமிருந்து பெற்றுத் தந்த ஒரு லட்ச ரூபாய் நன்கொடையின் நன்றியாகவே கோல்கொண்டாவின் பெயர் சூட்டப்பட்டது. சன்னல் கண்ணாடிக்குப் பதிலாக, திறந்து மூடும் நீண்ட சிமெண்டுப் பலகைகள். தேக்கில் நகரும் கதவுகள். அன்பர்கள் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்த பிடிகள். எண்பது ஆண்டுகள் கடந்தும் அது பொலிவுடன் நிற்பதற்குக் காரணம், அங்கு வாழ்வோர் அன்றாடம் துடைத்துப் பேணுவதே. நாள்தோறும் கவனிப்பதே கான்கிரீட்டுக்குச் சிறந்த காப்பு.

நம் ஜவ்வாது மலையின் மேலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. காவலூர் வானாய்வகத்தில் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. வியாழனின் துணைக்கோளான கானிமீடைப் பற்றியும், 1977இல் யுரேனசைச் சுற்றிய வளையங்களைப் பற்றியும் உலகுக்குச் சான்று தந்த கருவி அது. 2022 டிசம்பரில் அதன் பொன்விழா கொண்டாடப்பெற்றது. உடலைப் பேணி, ஒளியைப் பதியும் உறுப்புகளை மட்டும் காலத்துக்கேற்ப மாற்றி வந்ததால், ஐம்பதாம் ஆண்டிலும் அது விண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது மாணவரின் வினாவுக்கு வருவோம். கான்கிரீட் வீடு ஏன் நோயுறுகிறது? சிமெண்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து அக்காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பருத்த பொருள்; அது உப்பி மேல் பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. ஆகவே விழுந்த இடத்தில் பூசி மறைப்பது மருந்தாகாது. முதலில் மாடியில் நீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்து, ஒழுக்கை நிறுத்த வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு நீக்க வேண்டும். பிறகே தளர்ந்த காரையைக் கொத்தி, கம்பியைத் தேய்த்துத் துருக்காப்புப் பூசி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, உரிய கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பெரிதும் அரித்துப்போன இடம் உண்டா என்பதைப் பணம் கொடுக்குமுன் பொறியாளர் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். உயிரைவிட வீடு பெரிதன்று.

அதற்கும் முன்னே தாள்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா ஆகியவற்றோடு வாரிசுகள் அனைவரின் கையொப்பமும் வேண்டும். பெண் மக்களின் கையொப்பத்தை 'அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்' என்று விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது வீட்டின் அடித்தளத்திலேயே விழுந்த விரிசல்.

ஓர் உண்மையையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். நாமும் இடித்தவரே. நம் தந்தையார் 1961இல் கட்டிய வீட்டைச் சகோதரர்கள் நால்வரும் 1998இல் மனையாக்கி விற்றோம். அளவெடுக்கவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது ஒரு சன்னல் கம்பிச் சட்டம் மட்டுமே. பேரர்கள் அதைக் காட்டி, "இது எந்த அறையில் இருந்தது?" என்று கேட்கும்போது, கூடமா, தந்தையார் ஓதும் அறையா என்று நம் நினைவே தடுமாறுகிறது.

பொறியாளர் வந்து பார்த்தார். முகப்பு மாடத்தைத் தவிர மற்றவை தாங்கும் என்றார். அறுவரும் கையொப்பமிட்டனர், 57 பங்குக்கும் பணம் தவணைகளில் தீர்ந்து வருகிறது. சென்ற ஐப்பசி மழைக்கு முன் மாடி வாட்டம் மட்டும் சரிசெய்யப்பட்டது. மற்றவை இனிமேல்தான். மழை விட்டபின் ஒருநாள் சென்றிருந்தோம். முற்றம் நனைந்திருந்தது, கூடம் காய்ந்திருந்தது. மூத்தவர் தம் தாயாரை அழைத்து வந்திருந்தார். அவ்வம்மையார் மொசைக் தரையில் சுவரோரமாக அமர்ந்து, "இங்கேதான் ஒழுகும்; குடம் வைப்போம்" என்று ஓரிடத்தைக் காட்டினார். மூத்தவர் அங்கே குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்.