குடிகளைத் தேடிய மாநகர்

1453ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி கொன்ஸ்தாந்திநோப்பிள் மாநகர் ஒட்டோமன் துருக்கியர் வசமாயிற்று. வெற்றி வீரனாய் அதனுட் புகுந்த சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்துக்கு அப்போது வயது 21. அவன் முன்னோர் பலர் விரும்பியும் பெறாத நகர் அது. ஆயினும் அவன் கைக்கு வந்தவை உயர்ந்த மதில்களும், இடிந்த அரண்மனைகளும், ஆளில்லாத் தெருக்களுமே.

இவ்வெறுமை முற்றுகையால் மட்டும் நேர்ந்ததன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சில இலட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1204இல் சிலுவைப் போர்வீரர் நகரைச் சூறையாடினர். 1347இல் கொள்ளைநோய் வந்தது. துறைமுகத்தின் எதிர்க் கரையிலுள்ள கலாத்தாவிற் குடியேறிய ஜெனோவா வணிகர் சுங்க வருவாயிற் பெரும்பகுதியைத் தம்பாற் கவர்ந்து கொண்டனர். 1330களில் அந்நகரைக் கண்டவர் இபுன் பத்தூதா. பின்னர் 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, சிவனொளிபாத மலை ஏறிய அதே யாத்திரிகரே அவர். நகர மதிலுக்குள்ளே பதின்மூன்று கிராமங்கள் தனித்தனியாக இருந்தன என்று அவர் எழுதினார். ஒரு பேரரசின் தலைநகர் வயல்களும் தோட்டங்களும் இடையிட்ட கிராமத் தொகுதியாய்ச் சுருங்கிவிட்டது. முற்றுகை தொடங்கியபோது அங்கிருந்தோர் 50,000 பேரளவில், அல்லது அதனிலுங் குறைவு. வீழ்ச்சியின் பின் அவர்களுட் பெரும்பாலார் சிறைப்பட்டு அடிமைகளாயினர்.

அந்நகரையே தன் தலைநகராக்க மெஹ்மெத் எண்ணங்கொண்டான். குடிகளின்றித் தலைநகரேது? சிறைப்பட்டோருள் தன் பங்காக வந்தவர்களைத் துறைமுகக் கரையிற் குடியிருத்தி, வீடு கொடுத்து, சில காலத்துக்கு வரியையும் நீக்கினான். ஓடிப்போனோர் குறித்த தவணைக்குள் மீள்வாராயின் அவர்தம் வீடும் சமயமும் காக்கப்படும் என்றான். 1454 சனவரியில் கிரேக்கத் திருச்சபைக்கு கென்னாதியோஸ் என்னும் துறவியைத் தலைவராக நியமித்தான். இதனைத் தயாளம் என்று மட்டும் கொள்வது பிழையாகும். கிரேக்கர் திரும்பி வருதற்கு அவர்தம் திருச்சபை அங்கிருத்தல் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

அடுத்து, நாடெங்கும் அழைப்பு விடுக்கப்பட்டது. விரும்பியவர் வரலாம், வருவோர்க்கு வீடும் தோட்டமும் உரிமையாகும் என்று ஏவலர் சென்று அறிவித்தனர். சிலர் வந்தனர், நகர் நிரம்பவில்லை. செல்வர் தம் ஊரையும் வாணிகத்தையும் விட்டுப் பாழடைந்த நகருக்கு வர மனங்கொள்ளவில்லை. எனவே அழைப்புக் கட்டளையாயிற்று. ஒவ்வொரு மாகாணமும் இத்தனை குடும்பம் அனுப்புக என்று ஆணை பிறந்தது. இதற்குச் சுர்கூன் என்று பெயர். இவ்வாறு கொணரப்பட்டவர், வீடு பெற்றாலும், அதிகாரியின் அனுமதியின்றி நகரை விட்டு நீங்கலாகாது.

இந்நிலையில், நடந்தவற்றுள் மிகவுங் கவனிக்கத்தக்கதொன்று நேர்ந்தது. 1455இல் நகரின் வீடுகள் யாவும் கணக்கெடுக்கப்பட்டன. பின்னர், குடியேறியோர் தம் வீடுகளுக்கு வாடகை செலுத்தல் வேண்டும் என்று அரசு விதித்தது. உரிமை என்று கொடுத்ததற்கு வாடகையா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். தம் சொந்த வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது, பிறர் விட்டுப்போன வீட்டிற்கு வாடகை வாங்கவோ என்று முறையிட்டனர். மனைவி மக்களை விட்டே ஓடியவரும் உளர் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஆஷிக் பாஷா ஸாதே கூறுகின்றார். அரும்பாடுபட்டுச் சேர்த்த குடிகள் மீண்டும் கலையத் தொடங்கின. முந்திய அரசர்களுக்கும் ஊழியஞ் செய்த பழைய சேவகனொருவன் சுல்தானிடம் இதனை எடுத்துரைத்தான் என்பர். மெஹ்மெத் பிடிவாதம் பிடிக்கவில்லை. வாடகையை நீக்கி, வீடுகளை உரிமைச் சாசனத்துடன் அளித்தான். ஓட்டம் நின்றது.

நெடுங்காலம் அன்று. சில ஆண்டுகளின் பின் வாடகை மறுபடியும் வந்தது. அமைச்சன் ரூம் மெஹ்மெத் பாஷாவே அதற்குக் காரணம் என்று ஆஷிக் பாஷா ஸாதே கடுஞ்சொற்களால் ஏசுகின்றார். அந்நகரில் அவருக்கும் வீடுகள் இருந்தன என்பதை நினைவிற் கொண்டே அவ்வேச்சைப் படித்தல் நன்று. ஆயினும் அவர் சினத்தில் உண்மை இல்லாமலில்லை. இன்று கொடுத்து நாளை பறிக்கும் அரசின் வாக்கை நம்பி எவர் கூரை வேய்வார்?

வீடு மட்டும் மக்களைப் பிணித்து வைக்காது என்பதையும் மெஹ்மெத் உணர்ந்தான். இன்று பெருங் கடைத்தொகுதியாய் விளங்கும் மூடிய சந்தையின் மூலக் கட்டடம் அவன் காலத்தில் எழுந்தது. 1463இல் தொடங்கி 1470இல் முடிந்த அவனது பள்ளிவாசலைச் சூழக் கல்விக்கூடங்கள், மருத்துவசாலை, அன்னசாலை என்பன அமைந்தன. பிரபுக்களும் நகரின் வெவ்வேறு பகுதிகளில் இவ்வாறே கட்டுமாறு பணிக்கப்பட்டனர். ஒவ்வொரு பள்ளிவாசலையும் சுற்றி ஒரு குடியிருப்பு வளர்ந்தது.

கட்டாயக் குடிபெயர்ப்போ நிற்கவில்லை. 1461இல் திரெபிசொந்து வீழ்ந்ததும் அங்கிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. 1475இல் கருங்கடலின் வடகரையிலுள்ள கஃபாவிலிருந்தும் வந்தன. 1477இல் எடுத்த கணக்கின்படி, கலாத்தா உட்பட நகரிலிருந்த குடும்பங்கள் 16,000க்கு மேற்பட்டன. அவற்றுள் 9,000க்கு மேல் முஸ்லிம்கள், யூதர் 1,647, எஞ்சியோருட் பெரும்பாலார் கிரேக்கர். ஒரு நூற்றாண்டு செல்லுமுன் அது ஐரோப்பாவின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றாயிற்று.

குடிகளைக் கொடுத்த ஊர்கள் என்னவாயின என்பது பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அனத்தோலியாவின் நடுவே அக்சராய் என்றோர் ஊர் உண்டு. 1470ஐ அடுத்து அங்கிருந்த குடும்பங்கள் பல தலைநகருக்குப் பெயர்க்கப்பட்டன. இஸ்தான்புல்லின் பழைய மதிலுக்குள் அவர்கள் இருந்த பகுதிக்கும் அக்சராய் என்றே இன்றுவரை பெயர் வழங்குகின்றது.