பாராமகால் பாதையில் – 17: கணக்குப் பார்த்துக் கொடுத்த கூலி

1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19,66,995 பேர் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து எண்ணியபோது 15,99,595 பேர்தான். கூடியிருக்க வேண்டிய தொகை 3,67,400 குறைந்துபோயிருந்தது. நடுவில் வந்து போனது தாது வருடப் பஞ்சம். தர்மபுரியும் பென்னாகரமும் அரூரும் அன்று அந்த ஜில்லாவுக்குள்தான்.

1876-ல் மழை பொய்த்தது. ராகியும் சாமையும் நம்பியிருந்த மானாவாரிச் சீமை காய்ந்தது. ஆனால் வானத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது; ஆண்டவர்களின் தலையில் இருந்த ஒரு கொள்கைக்கும் பங்கு உண்டு.

உணவைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள், மிஞ்சியதைப் பஞ்சமும் நோயும் கழித்துவிடும் என்று 1798-ல் மால்தஸ் எழுதினார். 1805 முதல் 1834-ல் சாகும்வரை அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரிப் பேராசிரியர். நம்மை ஆள வந்த துரைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். அவர் காலத்துக்குப் பின் அதே ஹெய்லிபரிக் கல்லூரியில் படித்தவர்தான் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த டெம்பிள் 1874-ல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கியவர். சாவு மிகக் குறைவு. மெச்சுவதற்குப் பதிலாக, பணத்தை வாரி இறைத்தார் என்று ஏசினார்கள். பட்ட மனிதர், 1877-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது கையை இறுக்கிக்கொண்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் கூலி. அரைக் கிலோகூட இல்லை! இது உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். வைஸ்ராய் லிட்டனோ, இந்தியர்கள் விளைச்சலை மிஞ்சிப் பெருகுகிறார்கள் என்று சட்டசபையில் மால்தஸ் பாட்டையே பாடினார்.

அந்தப் பாட்டு பொய் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 1891-ல் ஜில்லா மறுபடியும் பத்தொன்பதரை லட்சத்தைத் தாண்டியது. 1901-ல் 22 லட்சம். தலைகள் கூடின, தாது வருடத்துச் சாவு திரும்பவில்லை.

தானியம் வந்த வழியையும் பாருங்கள்: பஞ்சத்தின்போது பிரதான ரயில் மொரப்பூர் வழியாகப் போனது. தர்மபுரிக்குத் தானியம் வர மாட்டுவண்டிதான். பஞ்சத் தடுப்பு என்ற பெயரில் மொரப்பூர்–தர்மபுரி குறுகிய ரயில் பாதை திறக்கப்பட்டது 1906-ல், அதாவது பஞ்சம் வந்து முப்பது வருடம் கழித்து. 1941-ல் அதையும் மூடினார்கள். அந்தக் குட்டி ரயிலில் அடுத்த வாரம் ஏறுவோம்.