கணக்கில் வராத வலி

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று நவீன மருத்துவம் நம்பியது ஏதோ பழங்காலத்தில் அல்ல. 1980களின் நடுப்பகுதி வரை அந்த நம்பிக்கை உயிரோடு இருந்தது. நரம்புகள் முதிரவில்லை, பட்ட வலி நினைவில் நிற்காது, மயக்க மருந்து உயிருக்கே ஆபத்து என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். குறைமாதக் குழந்தைகள் பலருக்கு உடல் அசையாதிருக்க மருந்து கொடுத்து, வலிக்கு மிகக் குறைவாகவோ எதுவும் கொடுக்காமலோ அறுவை செய்தார்கள். இந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் ஆனந்த். அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலி மருந்தும் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு உடலின் அதிர்ச்சிச் சுரப்புகள் குறைவாகவே ஏறின, பின்விளைவுகளும் குறைந்தன என்று அவரும் சகாக்களும் 1987இல் காட்டினார்கள். மருந்து அதற்கு முன்பே கையில் இருந்தது. குழந்தையின் வலியைக் கணக்கில் எடுக்கும் மனம்தான் பிந்தி வந்தது.

அதே காலத்தில்தான் நுண்துளை அறுவையும் வளர்ந்தது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் லேப்ராஸ்கோப்பி மூலம் குடல்வாலை அகற்றினார். 1990இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா அதே முறையில் பித்தப்பையை எடுத்தார். பின்னர் குழந்தைகளின் அறுவை அரங்குக்கும் இம்முறை பரவியது. தழும்பு சிறியது, வீடு திரும்புவதும் விரைவு. ஆனால் பழைய அலட்சியம் இங்கே புது வடிவில் திரும்பியது: துளை சிறியது, ஆகவே வலியும் சிறியது என்று. உள்ளே நடப்பது வேறு. கருவி நுழைய இடம் வேண்டி வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைக்கிறார்கள். அது உதரவிதானத்தை இழுத்து உறுத்துகிறது. அங்கிருந்து போகும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், வயிற்றில் அறுவை செய்துகொண்ட பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. காரணம் தெரியாதவர்கள் அதைப் பிடிவாதம் என்றோ, படுத்த வாகு சரியில்லை என்றோ எண்ணிவிடுகிறார்கள்.

நுண்துளை அறுவைக்குப் பின் வரும் இந்த வலி, கள்ளக்குறிச்சிப் பகுதியின் கல்வராயன் மலைக்குத் தனிப் பொருள் உடையது. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததே 1976இல்தான். பெரிய அறுவை என்றால் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று மலையிறங்கித் தொலைதூரம் போக வேண்டியிருந்தது. 2019 நவம்பரில், இந்த மலைப்பகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அம்மாவட்டத்தின் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவமனை அருகே வந்துவிட்டது. ஆனால் நுண்துளை அறுவை, வலியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சீக்கிரமே வார்டிலிருந்து வீட்டுக்கு மாற்றிவிடுகிறது. சிக்கலில்லாத குடல்வால் அறுவை முடிந்த பிள்ளையை ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ் செய்துவிடலாம். மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஊருக்கு வளைவுப் பாதையில் போய்ச் சேர்ந்தபின், வலிக்குப் பொறுப்பு தாய்தான்.

அந்தத் தாயின் கையில் இருப்பது ஒரு சிரப் பாட்டில். பாராசிட்டமால் நம் கடைகளில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் எனப் பொதுவாக இரு வலிமைகளில் கிடைக்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளைக்கு 225 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 9 மில்லி. இரண்டாவதில் நாலரை மில்லி. சீட்டில் ‘ஒரு மூடி’ என்று மட்டும் இருந்தால் பிள்ளைக்குப் பாதி மருந்தோ இரட்டிப்போ போகலாம். துளையிட்ட இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி, முதல் ஓரிரு நாளுக்கு அழுகைக்குக் காத்திராமல் மணிப்படி பாராசிட்டமால், தகுந்தவர்களுக்கு இப்யூபுரூஃபன், இவற்றை மீறிய வலிக்கு மட்டும் வார்டில் வலுவான மருந்து: வழி இவ்வளவு எளிது. பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதலுக்கு அடங்குதல் ஆகிய ஐந்துக்கும் சுழியம் முதல் 2 வரை மதிப்பெண் இடும் முறை 1997இலேயே வெளிவந்துவிட்டது.

வலி மருந்து உள்ளே வரும் சிக்கலை மறைத்துவிடும் என்பார்கள். மணிப்படி கொடுத்தும் வலி ஏறினால், கூடவே காய்ச்சலோ வாந்தியோ வயிற்று உப்பலோ இருந்தால், அதுவே எச்சரிக்கை. ஒழுங்காகக் கொடுத்த மருந்துதான் அதைத் தெளிவாகக் காட்டும். பழக்கமாகிவிடும் என்ற அச்சம் அபின் வகை மருந்துகளைப் பற்றியது. 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கோடீன் கூடாது என்று 2017இல் அமெரிக்கா தடுத்தது மூச்சு மட்டுப்படும் ஆபத்துக்காக. பாராசிட்டமாலுக்கு இந்த இரண்டு பழியும் பொருந்தாது. மலைக்கு முதலில் சாலை வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்பது முற்றிலும் உண்மை. ஆனால் பிள்ளையின் வலியைக் கவனிக்கச் சாலை போடும் செலவு ஆகாது. பிள்ளையின் எடையைப் பார்த்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை, எப்போது திரும்பி வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி, அளவுக் குப்பியில் கோடு காட்டி அனுப்பினால் போதும். மருத்துவர்களும் செவிலியர்களும் இதைக் கடமையாக எழுதட்டும்; எழுதித் தராவிட்டால் பெற்றோர் கேட்டு வாங்காமல் மலையேற வேண்டாம்.