வாப்பாவின் சீ.ஆர். கொப்பி

ஜனவரி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு டயறிகள் வந்து சேரும். வங்கி கொடுத்தது ஒன்று, காப்புறுதிக் கம்பனி கொடுத்தது ஒன்று, கொழும்பு மொத்த வியாபாரி அனுப்பியது ஒன்று. தோல் போன்ற உறை, பொன்னிற எழுத்து, உள்ளே நாளுக்கொரு பக்கம். முதல் வாரம் மிக அழகாக எழுதுவேன். பெப்ரவரியில் பக்கங்கள் வெறுமையாகும். மார்ச்சில் பிள்ளைகள் அதில் படம் கீறத் தொடங்குவார்கள். முப்பது வருட ஆசிரியர் வாழ்க்கையில் நான் ஒரு டயறியையாவது டிசம்பர்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. இது என்னுடைய சோம்பல் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

வாப்பாவுக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. அக்குறணையில், கண்டி - மாத்தளை வீதியோரம், கராம்பு, சாதிக்காய், மிளகு வாங்கி விற்கும் சிறிய கடை அவருடையது. பரிசாக வந்த டயறிகளை அவர் எங்களிடமே தந்துவிடுவார். தனக்கென்று வாங்குவது தடித்த மட்டையுள்ள சீ.ஆர். கொப்பி. அதில் திகதி அச்சிட்டிருக்காது, கோடுகள் மட்டுமே. முதற் பக்கத்தின் உச்சியில் 786 என்று எழுதிக்கொண்டு அவர் தொடங்குவார். ஒருமுறை பிங்கா ஓயா பெருகித் தண்ணீர் கடைக்குள் ஏறியபோது, அவர் முதலில் மேல்தட்டில் ஏற்றியது அந்தக் கொப்பிகளைத்தான். கராம்பு மூட்டைகளுக்கு அதன் பிறகுதான் முறை வந்தது.

வாப்பா 2008இல் மௌத்தானார். ஜனாஸாவை அடக்குமுன், வழமைப்படி, மையித்துக்குக் கடன் ஏதும் இருந்தால் என்னிடம் கேட்கும்படி மூத்த மகனான நான் அறிவித்தேன். அறிவித்துவிட்டேனே தவிர, எவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சொத்துப் பங்கீட்டுக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது மார்க்கம். அப்போதுதான் அந்தக் கொப்பிகளை முதன்முறையாக வரிவரியாக வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க ஒரு விடயம் என்னை வியக்க வைத்தது. தவணைகள் எதற்கும் ஆங்கிலத் திகதி இல்லை. அலவத்துகொடைப் பக்கத்துச் சிங்கள விவசாயி ஒருவரின் பெயருக்கு நேரே 'வெசாக் முடிய' என்றிருந்தது. இன்னொருவருக்கு 'சித்திரைப் புத்தாண்டுக்கு முன்' என்றிருந்தது. எங்கள் ஊரவர் ஒருவருக்கு 'ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து', முற்பணம் வாங்கிய தோட்டக்காரருக்கு 'கராம்பு காய்ந்ததும்'. எவருடைய கையில் எப்போது காசு புழங்குமோ, அவருடைய நாட்காட்டியிலேயே அவருடைய தவணை எழுதப்பட்டிருந்தது. ஒரே கொப்பிக்குள் நான்கைந்து நாட்காட்டிகள் சச்சரவின்றிக் குடியிருந்தன.

நான் தோற்றுப்போன அச்சு டயறியின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். முன்கூட்டியே திகதியிட்ட டயறியை வியாபாரப் பொருளாக விற்றவர் ஜோன் லெட்ஸ் என்ற லண்டன் எழுதுபொருள் வணிகர், ஆண்டு 1812. அடுத்த மூன்றாண்டில், 1815இல், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. அந்த ஆட்சியோடு ஞாயிறு விடுமுறையும், கந்தோர் நேரமும், ஜனவரியில் தொடங்கும் ஆண்டும் மலைநாட்டில் வேரூன்றின. லண்டன் வணிகருக்கு வசதியான வாரத்தைத்தான் அந்த டயறி நமக்கும் கொண்டுவந்தது.

அந்த வாரத்தை மாற்றிப் பார்க்கும் முயற்சியும் இந்த நாட்டில் நடந்தது. டட்லி சேனநாயக்க அரசாங்கம் 1966இல் சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு கட்டங்களுக்குரிய போயா நாட்களை ஒட்டி வார விடுமுறையை அமைத்தது. சந்திரனின் ஒரு கால்பகுதி ஏழு நாளுக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்கள் எப்போதும் ஒரே எண்ணிக்கையில் இருக்கவில்லை. கிழமைப் பெயர்களுக்கும் ஓய்வு நாளுக்கும் தொடர்பு அறுந்தது. வெளிநாட்டு வங்கிகளோடும் கப்பல்களோடும் நடக்கும் வியாபாரம் தடுமாறியது. 1971இல் பழைய வாரமே திரும்பி வந்தது. 1966ஆம் ஆண்டின் கொப்பியில் வாப்பா செய்தது ஒன்றே ஒன்று: பக்கத்தின் மூலையில் சிறு வட்டம் கீறிப் போயாவைக் குறித்தார். வெள்ளிக்கிழமையை முன்போலவே அடிக்கோடிட்டார். திகதி அச்சிடாத கொப்பிக்கு அரசாங்கத்தின் மாற்றம் ஒரு வட்டத்தோடு முடிந்துவிட்டது.

கடிகாரமும் ஒருமுறை மாறியது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக 1996 மே மாதம் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் மீண்டது. தொழுகை நேரம் சூரியனைப் பார்த்து நடப்பது. அச்சிட்ட தொழுகை அட்டவணைகள் கடிகாரத்தோடு முரண்பட்ட அந்த நாட்களில் வாப்பாவின் கொப்பியில் 'ப.நே.', 'பு.நே.' என்ற இரண்டு சுருக்கங்கள் தோன்றுகின்றன. பழைய நேரம், புதிய நேரம். சந்திப்புக்கு வருவோர் எந்த நேரத்தில் வாழ்கிறார் என்பதையும் அவர் குறித்து வைக்க வேண்டியிருந்தது.

இனி நோன்பு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாட்கள் குறைந்தது. ஆகவே ரமழான் ஏறத்தாழ முப்பத்து மூன்று வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. அச்சு டயறி நோன்பின் முதல் நாளை ஓராண்டுக்கு முன்பே போட்டுவிடும். உண்மையான முதல் நாளோ, பிறை கண்ட செய்தியைக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிக்கும் இரவில்தான் உறுதியாகிறது. வாப்பா அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைத்து, அறிவித்தல் வந்த பிறகு 'பிறை 1' என்று எழுதுவார். நாளைய தினத்தை இன்றைக்கே தன்னுடையதாக்கிக் கொள்ளாத ஒரு பணிவை அந்த வெற்றிடத்தில் நான் காண்கிறேன்.

இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல. பக்தாதில் வாழ்ந்த ஹன்பலி அறிஞர் இப்னுல் பன்னா, ஹிஜ்ரி 460, 461ஆம் ஆண்டுகளில், அதாவது 1068 - 1069 காலத்தில், நாள்வாரியாக எழுதிய குறிப்பின் ஒரு பகுதி அவருடைய கையெழுத்திலேயே திமஷ்கில் கிடைத்தது. அதை ஜோர்ஜ் மக்திசி 1950களில் பதிப்பித்தார். யார் மௌத்தானார், யார் என்ன கனவு கண்டார், நகரத்தில் என்ன கலகம் என்றெல்லாம் அதில் வருகிறது. நமக்கு இன்னும் அண்மையில், புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரையிலான கால் நூற்றாண்டைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதினார். பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் தலைமை துபாஷியான அவரும் அடிப்படையில் வியாபாரியே. கப்பல் வந்ததும் போனதும் அவருக்குச் செய்தி. அவர் ஒவ்வொரு நாளுக்கும் தமிழ் வருடம், மாதம், திகதியோடு ஐரோப்பியத் திகதியையும் சேர்த்தே எழுதினார். இரண்டு உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவருக்கு இரண்டு திகதி தேவைப்பட்டது.

வியாபாரிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை நமது வேதமே வலியுறுத்துகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது, கடனை எழுதிவைப்பது பற்றியது. தவணையைக் குறித்து, எழுதுபவரையும் சாட்சிகளையும் வைத்து, தொகை சிறிதானாலும் பெரிதானாலும் சலிக்காமல் எழுதும்படி அது பணிக்கிறது. இத்தாலியில் லூக்கா பச்சோலி 1494இல் அச்சிட்ட கணித நூலிலும் வணிகருக்கு மூன்று ஏடுகள் சொல்லப்படுகின்றன: நடந்ததை நடந்தவுடன் எழுதும் குறிப்பேடு, ஒழுங்குபடுத்திய நாளேடு, பெயர்வாரியான பேரேடு. வாப்பா பச்சோலியைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கொப்பியின் முன்பக்கத்திலிருந்து நாள் குறிப்பும், பின்பக்கத்திலிருந்து பெயர்வாரிக் கணக்கும் எழுதினார். இரண்டும் நடுவில் சந்திக்கும்போது புதுக் கொப்பி வாங்குவார். தீராத விடயங்கள் மட்டும் 'முன்பாக்கி' என்ற தலைப்பில் புதியதற்குப் போகும். ஜனவரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்காவின் ரைடர் கரோல் என்பவர் 2013இல் 'புல்லட் ஜேர்னல்' என்ற முறையை அறிமுகம் செய்தார். திகதியில்லாத வெற்றுக் கொப்பி, முன்னால் ஒரு பொருளடக்கம், முடியாத வேலையை அடுத்த மாதத்துக்குக் கையால் மீண்டும் எழுதுதல் என்பன அதன் அடிப்படை. மீண்டும் எழுதும் சிரமமே, அந்த வேலை தேவையா என்று நம்மைக் கேட்க வைக்கும் என்பது அவர் வாதம். என் மகள் அந்த முறையில் எழுதுகிறாள். அவள் அதை எனக்கு விளக்கியபோது, வாப்பாவின் 'முன்பாக்கி'ப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூத்தவாப்பா தன்ட வேலைய எழுதல்லயே வாப்பா, மத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதத்தானே எழுதியிருக்கார்" என்றாள்.

அவள் சொன்னது சரி. எனக்குக் கிடைத்த டயறிகள் எல்லாம் இந்த நாளில் நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டன. பெரும்பாலான நாட்களில் என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை; பக்கம் வெறுமையானது. வாப்பாவின் கொப்பி, யாருக்கு நீ என்ன தர வேண்டியிருக்கிறது என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு எந்த நாளிலும் பதில் இருக்கும்.

கடைசிக் கொப்பியின் முன்பாக்கிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'அமானிதம், ரூ. 30,000, மகளின் கலியாணத்துக்கு.' நேரே ஒரு விதவைத் தாயின் பெயர். நான்கு கொப்பிகளாக அந்த வரி கைமாறி வந்திருந்தது. அவர் கேட்டு வரவில்லை. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார். வாப்பா மௌத்தான செய்தி தாமதமாகத்தான் அவருக்கு எட்டியிருந்தது. சாட்சி இல்லாத பணம், இனிக் கேட்டால் யார் நம்புவார் என்று தீர்மானித்து, அதை மறந்துவிட முயன்றுகொண்டிருந்தாராம். காசை எண்ணி நீட்டியபோது வாங்காமல், முதலில் கொப்பியைத்தான் கேட்டார். தன் பெயர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வாப்பாவுக்காகத் துஆச் செய்தார். பிறகுதான் காசை வாங்கினார்.

அன்று மாலை கண்டியில் இறங்கி நானும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதலில், நான் கொடுக்க வேண்டியவர்களின் பெயர்கள். பிறகு, திருப்பிக் கொடுக்க வேண்டிய நூல்கள். அதன் பிறகு, பார்க்கப் போவதாகச் சொல்லிப் போகாமலிருக்கும் நோயாளிகள். இப்போது எட்டாவது கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடையில் சில நாட்கள் வெறுமையாகத்தான் கழிகின்றன. கொப்பியில் அவற்றுக்கென்று பக்கம் ஒதுக்காததால் அந்த வெறுமை என்னைக் குற்றம் சாட்டுவதில்லை. முன்பாக்கி மட்டும் ஒவ்வொரு முறையும் சற்று நீளமாகவே இருக்கிறது. அதைச் சுருக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதே இப்போதைய என் கவலை.