அம்மா வந்துச்சு

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில், ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விட்டுப்போன படிப்பை மீட்பதும், 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பொருள் புரிந்து வாசிப்பதும் அதன் இலக்குகள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, பொம்மலாட்டம், விளையாட்டு வழியாகச் சொல்லிக்கொடுப்பது அதன் முறை. அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது.

ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஆளுக்கொரு நிலையில் பிள்ளைகள். இந்தச் சிக்கல் கொரோனா கொண்டுவந்தது அல்ல. அதைத் தீர்க்கப் பார்த்த முயற்சிகளில் மூன்றுக்காவது சென்னையோடு தொடர்பு உண்டு.

முதல் கதை எழும்பூரில் நடக்கிறது. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அங்கே இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த பெல், அதைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அவருடைய ஆசிரியர்கள் மறுத்தார்கள். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை உட்காரவைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொன்னார் பெல். பையன் சொல்லித்தந்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைதான் இது. ஆனால் பெல்லின் முறை பெரிதாகப் பெரிதாக, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் மேய்க்கும் ஏற்பாடாக மாறியது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித்தரும் நெருக்கம் போய், வரிசையும் ஒப்புவித்தலும் மிஞ்சின.

இரண்டாவது கதைக்கு அடையாறு போகவேண்டும். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் மரியா மாண்டிசோரி அங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. இடையில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த ஒரு சிறு பள்ளியில் வேலை செய்தார்.

மாண்டிசோரி முறையில் இலக்கணம் கையாலும் காலாலும் செய்கிற விஷயம். பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம். பெயர் பிரமிடு மாதிரி அசையாமல் நிற்கும், வினை பந்து மாதிரி உருளும். 'குதி' என்று எழுதிய அட்டையை எடுக்கிற பிள்ளை குதிக்கவேண்டும். குதித்து முடித்த பிள்ளைக்கு வினைச்சொல் என்றால் என்ன என்று வரையறை சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த முறை நம்மூரில் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே கிடைத்தது.

மாநகராட்சிப் பள்ளிக்கு அதுபோன்ற ஒன்று வர 2003 ஆனது. ஆந்திராவின் ரிஷி வேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கிற கிராமப் பள்ளிகளுக்காக, 'ஏணி' வடிவில் பாட அட்டைகள் செய்திருந்தார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் அந்த முறையைத் தன் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். முதலில் 13 பள்ளிகள். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தன் படியைப் பார்த்து அதற்கான அட்டையைத் தானே எடுத்தது. ஆசிரியர் துணையோடு ஒரு குழு, சக பிள்ளைகளின் துணையோடு ஒரு குழு, தானாகவே செய்ய ஒரு குழு என்று உட்கார்ந்தார்கள். ஃபிரிஸ்கன் ஒருவிதத்தில் திரும்பி வந்துவிட்டான்.

2007-08இல் இது மாநிலம் முழுக்க, ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 13 பள்ளிகளில் விரும்பிச் செய்த வேலை, அந்த எண்ணிக்கையில் ஆணையாக மாறியது. பல இடங்களில் 'அந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா' என்ற கேள்வி 'அட்டை முடிஞ்சுதா' என்றானது. 'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகும், செயலியில் மதிப்பெண் ஏற்றுகிற வேலையே நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பின. பெல் காலத்திலிருந்தே இந்தப் பாதை மாறவில்லை. பிள்ளையைப் பார்ப்பதற்காகக் கண்டுபிடித்த முறை, பரவும்போது பதிவேட்டைப் பார்க்கும் முறையாகிவிடுகிறது.

பதிவேட்டில் விழாமல் போவது எது என்று பார்க்கக் கும்மிடிப்பூண்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சிப்காட் ஆலைகளுக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்கள், 1990 முதல் இருக்கிற ஈழத்தமிழர் முகாம், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதால் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். திருவள்ளூர் மாவட்டமே மொழி எல்லையில் வெட்டி ஒட்டிய நிலம்தான். திருத்தணி 1960இல்தான் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டப்படி பள்ளியில் எல்லோரும் தமிழ் படித்தாகவேண்டும்.

அப்படியொரு வகுப்பில் ஐம்பாலை விளையாட்டாக நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அறையின் நான்கு மூலைகளும் நடுவும் சேர்ந்து ஐந்து இடங்கள்: ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். டீச்சர் ஒரு சொல் சொன்னதும் அதற்குரிய இடத்துக்கு ஓடி, 'வந்தான்', 'வந்தாள்' என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

"வண்டி!" இந்தி பேசும் பிள்ளை பெண்பால் மூலைக்கு ஓடலாம், ஏனென்றால் இந்தியில் 'காடி' பெண்பால். "அக்கா!" தெலுங்குப் பிள்ளை ஒன்றன்பாலுக்குப் போகலாம். தெலுங்கில் அக்காவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே 'வச்சிந்தி'தான். ஒடியாப் பிள்ளை எந்த மூலை என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிடலாம். ஒடியாவில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், வினைமுற்றும் ஒன்றே.

தமிழ்ப் பிள்ளை மட்டும் சரியாக ஓடிவிடுமா? 'மாடுங்க வந்துச்சு' என்றுதான் அது வீட்டில் பேசுகிறது, 'வந்தன' என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் முதலில் பார்க்கிறது. 'அம்மா வந்துச்சு' என்று பாசமாகச் சொல்கிற ஊர்களும் நம்மிடம் நிறைய உண்டு.

தாளில் இவை எல்லாமே 'தவறு', ஒரே சிவப்பு மைக்கோடு. மென்பொருள் எழுதுகிற எனக்கு, 'பிழை' என்று மட்டும் சொல்லி எந்த வரி என்று சொல்லாத கணினிதான் ஞாபகம் வருகிறது. ஓடவிட்டால், யார் எந்த மூலைக்குப் போகிறார்கள் என்பதே பிழை எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்கும். ஒரு மொழியின் வழு இன்னொரு மொழியின் இலக்கணம். அதைப் பார்த்த ஆசிரியர் இந்திப் பிள்ளைக்கு உயிருள்ளது, உயிரற்றது என்று தொடங்கலாம். தெலுங்குப் பிள்ளைக்கு 'அவள்', 'அது' இரண்டையும் மட்டும் வைத்து ஆடலாம். விளையாட்டின் பயன் கலகலப்பு மட்டும் என்றால் அதற்கு ஒரு மாநிலத் திட்டம் தேவைப்பட்டிருக்காது.

இதைப் பார்க்கத் தவறினால், மூன்று மொழி காதில் விழ வளர்கிற பிள்ளை 'அரும்பு' என்று பதிவாகி, வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடும். 'அரும்பு' என்பது அதன் தமிழ் வாசிப்புக்கான அளவு. வகுப்பிலும் வீட்டிலும் அது புத்திக்கான அளவாக மாற அதிக நாள் ஆகாது. அதன்பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறப்பது குறையும், ஆலை வாசலில் அப்பாவோடு நிற்கிற நாள் சீக்கிரம் வரும்.

நம் இலக்கண மரபு வழு, வழாநிலை என்று இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்திருக்கிறது. பசுவைப் பார்த்து ஆசையாக 'அம்மா வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் திணை தப்புகிறது, ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆகவே ஏற்றுக்கொள் என்கிறது. தப்பைச் சரி என்று சொல்வதல்ல இது, காரணத்தைக் கேட்பது. பசுவை அம்மா என்பவருக்குக் கிடைக்கிற அந்தச் சலுகை, அம்மாவை 'வந்துச்சு' என்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும். 'வந்தாள்' என்பதை அது கற்றுக்கொள்கிற நாள் வரைக்குமாவது.